சுட்ட ஓடு கழலாத புதுத் துப்பாக்கி: ஒரு 12 போர் பம்ப் ஷாட்கனைப் பிரித்துச் சுத்தம் செய்ததில் கண்டவை

புகார்

சுட்ட பிறகு காலி ஓடு வெளியே வர மறுக்கிறது. இதுதான் புகார். துப்பாக்கி புத்தம் புதியது, கடை கொடுத்த அட்டைப் பெட்டிகூட இன்னும் வீட்டில் கிடந்தது. 12 போர், பம்ப் ஆக்‌ஷன், அதாவது முன்கைப்பிடியை முன்னும் பின்னும் நகர்த்தி இயக்குவது, 3 அங்குலச் சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் பின்பகுதி), 28 அங்குலக் குழல், தோளில் பதியும் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை. சொந்தக்காரர் என் நண்பர். டெக்சஸில் டாலஸுக்கு வடக்கே வசிக்கிறார். அந்தப் பகுதியில் செப்டம்பர் 1 அன்று புறா வேட்டைப் பருவம் திறக்கும். அதற்குள் கை பழகட்டும் என்று, களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடும் மைதானத்துக்குத் துப்பாக்கியை எடுத்துப் போயிருக்கிறார்.

முதல் சில தோட்டாக்கள் ஒழுங்காகப் போயின. அப்புறம் ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் முன்கைப்பிடியைப் பின்னால் இழுக்கக் கூடுதல் பலம் தேவைப்பட்டது. 25 தோட்டா கொண்ட ஒரு பெட்டி காலியாவதற்குள் ஒரு ஓடு சேம்பரிலேயே இறுகிவிட்டது. மைதானத்தில் இருந்த பெரியவர் ஒருவர் துப்பாக்கியைச் செங்குத்தாகப் பிடித்து, கட்டையின் அடியைத் தரையில் தட்டிக்கொண்டே முன்கைப்பிடியைக் கீழே இழுத்து ஓட்டை வெளியே எடுத்துக் கொடுத்திருக்கிறார். இது பலர் செய்கிற வழிதான். ஆனால் உள்ளே இருப்பது வெடித்து முடிந்த ஓடுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே செய்யலாம். அப்போதும் குழல் வாய்க்கு நேரே முகமோ கையோ வரவே கூடாது. விசையை அழுத்தியும் வெடிக்காமல் போன தோட்டா உள்ளே இருந்தால், இந்தத் தட்டல் உயிருக்கே ஆபத்து.

துப்பாக்கி, அமெரிக்க ரெமிங்டன் நிறுவனத்தின் 870 என்ற பம்ப் மாடலின் அமைப்பை அப்படியே பின்பற்றி வேறொரு நிறுவனம் மலிவு விலைக்குச் செய்வது. அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு துப்பாக்கியைப் பார்த்துவிட்டு அவர்கள் செய்த எல்லாவற்றையும் குறை சொல்வது நியாயமாகாது. இங்கே சொல்லும் குறை யார் செய்த பம்ப் துப்பாக்கியிலும் வரக்கூடியதுதான்.

அமைப்பு

12 போர் என்றால், ஒரு பவுண்டு ஈயத்தைச் சம அளவில் 12 உருண்டையாகப் பிடித்தால் ஓர் உருண்டைக்கு என்ன விட்டமோ, அந்த விட்டமுள்ள குழல். சுமார் 18.5 மில்லிமீட்டர். குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் ஓடும். அதுதான் மேகசின். தோட்டாக்கள் அதில் வரிசையாகப் படுத்திருக்கும். முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்தால், சேம்பரைப் பின்னாலிருந்து மூடியிருக்கும் போல்ட் பின்னால் போகும். போல்ட்டில் இருக்கும் எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி சுட்ட ஓட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்து வரும். ஓடு எஜெக்டர் என்ற முட்டில் மோதி வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா சேம்பருக்குள் போகும். தானாக இயங்கும் துப்பாக்கியில் இதையெல்லாம் வாயுவின் அழுத்தமோ பின்னுதைப்போ செய்கிறது. பம்ப் துப்பாக்கியில் எல்லாமே மனிதனின் கை. ஆகவே சேம்பர் ஓட்டைப் பிடித்துக்கொண்டால், அதை முதலில் உணர்வதும் கைதான். நண்பரின் கை தொடக்கத்திலேயே எச்சரித்திருக்கிறது.

பம்ப் துப்பாக்கி புதிய சங்கதி அல்ல. அமெரிக்கரான கிறிஸ்டோபர் ஸ்பென்சர் 1880களிலேயே சந்தைக்குக் கொண்டுவந்தார். ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 அதைப் பரவலாக்கியது. ரெமிங்டன் 870 வந்தது 1950இல். அதற்கு முன்பு அதே நிறுவனம் செய்துவந்த மாடல் 31 அருமையான துப்பாக்கி, ஆனால் செய்ய அதிகச் செலவு பிடித்தது. செலவைக் குறைக்கத்தான் 870ஐ வேறு விதமாக யோசித்தார்கள். விசையும் சுத்தியலும் அடங்கிய விசைத் தொகுதி மொத்தமாக ஒரே துண்டாகக் கழன்று வரும். அதைத் தாங்குவது குறுக்கே செருகிய இரண்டே உலோகப் பின்கள். குழலைத் தாங்குவது மேகசின் முனையில் இருக்கும் ஒரு மூடி. பல பாகங்கள் அப்போது செய்துகொண்டிருந்த 11-48 என்ற தானியங்கித் துப்பாக்கிக்கும் பொது. 2009இல் ஒரு கோடியாவது 870 வெளிவந்தது. இவ்வளவு எளிதாகப் பிரியும் அமைப்பு என்பதால்தான் மற்றவர்களும் அதை நகலெடுக்கிறார்கள். வீட்டு மேசையில் வைத்து நாமே பிரித்துப் பார்க்க முடிவதும் அதனால்தான்.

சந்தேகத்துக்கு உரியவை

இறுகிய ஓட்டுக்குக் காரணம் நாலில் ஒன்றாக இருக்கலாம். தோட்டா சரியில்லை, எக்ஸ்ட்ராக்டர் சரியில்லை, சேம்பரில் அழுக்கு, அல்லது சேம்பரின் சுவரே கரடுமுரடு. பிரிப்பதற்கு முன்பே பாதி விடை சுட்ட ஓடுகளில் இருந்தது. நல்லவேளை, நண்பர் அவற்றைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுவந்திருந்தார். துப்பாக்கியில் கோளாறு என்றால் ஓடுகளை எறியக் கூடாது என்று யார் கேட்டாலும் சொல்வேன். துப்பாக்கி உள்ளே என்ன செய்தது என்பது ஓட்டின் மேல் பதிந்திருக்கும்.

ஓட்டின் அடியில் பித்தளை நிறத்தில் இருந்த உலோகப் பகுதியில் காந்தத்தை வைத்தேன். ஒட்டியது. அதாவது அது பித்தளை இல்லை, மேலே பித்தளைப் பூச்சுப் பூசிய இரும்புத் தகடு. மலிவு விலைத் தோட்டாக்களில் இது சாதாரணம். அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலின் தர அமைப்பான சாமியின் (SAAMI) வரம்புப்படி, 3 அங்குலம் வரை நீளமுள்ள 12 போர் தோட்டா வெடிக்கும்போது அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு வரை போகலாம். அந்த அழுத்தத்தில் ஓட்டின் அடிப்பகுதி விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டும். அப்படி ஒட்டுவதால்தான் வாயு பின்பக்கம் கசியாமல் இருக்கிறது. அழுத்தம் குறைந்ததும் பித்தளை நன்றாகச் சுருங்கி சுவரை விட்டு விலகும். மெல்லிய இரும்புத் தகடு அந்த அளவுக்குச் சுருங்காது. வழவழப்பான சேம்பரில் இந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. கரடான சேம்பரில் நன்றாகத் தெரியும்.

அடுத்து, அந்த உலோகப் பகுதியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். சுற்றிலும் மெல்லிய வளையக் கோடுகள் வரிவரியாக ஓடின. சுடாத தோட்டாவில் அந்தக் கோடுகள் இல்லை. விளிம்பில் எக்ஸ்ட்ராக்டர் பிடித்த இடம் மட்டும் லேசாக மேலே வளைந்திருந்தது. கொக்கி தன் வேலையைச் செய்திருக்கிறது, விளிம்பே வளையும் அளவுக்கு இழுத்திருக்கிறது, ஓடுதான் விடவில்லை என்று அர்த்தம். எக்ஸ்ட்ராக்டரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அது வழுக்கியிருந்தால் விளிம்பு தேய்ந்திருக்கும் அல்லது பிய்ந்திருக்கும், இப்படிச் சீராக வளைந்திருக்காது.

பிரித்தது

முதல் வேலை, தோட்டாக்கள் எல்லாவற்றையும் வேறு அறைக்குக் கொண்டுபோனது. அப்புறம் பாதுகாப்புப் பொத்தானைப் போட்டு, விசைக் காப்புக்கு முன்னால் இருக்கும் சின்ன நெம்பை அழுத்தி, முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்தோம். சேம்பரைக் கண்ணால் பார்த்தோம், சுண்டுவிரலை விட்டும் பார்த்தோம். மேகசின் வாயிலும் அப்படியே. நண்பர் ஒரு முறை, நான் ஒரு முறை. காலியாக இருக்கிறது என்று பார்த்தவர் சொன்னாலும், துப்பாக்கியைக் கையில் வாங்குகிறவர் தானும் பார்க்க வேண்டும். இதில் கூச்சம் பார்க்கக் கூடாது.

பழைய துண்டு ஒன்றை மேசையில் விரித்து, ஜன்னல்களைத் திறந்துவைத்து, கையுறை போட்டுக்கொண்டோம். கையுறை கரைப்பானுக்காக மட்டும் இல்லை. தோட்டாவின் பற்றவைக்கும் கலவையில் ஈயச் சேர்மம் உண்டு. சுட்ட துப்பாக்கியின் உள்ளே இருக்கும் கரியில் அது கலந்திருக்கும். அதே மேசையில் காபிக் குவளையை வைக்க வேண்டாம் என்று நண்பரிடம் சொன்னேன்.

போல்ட்டை நடுவழிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, மேகசின் மூடியைக் கழற்றினோம். குழலை முன்னால் இழுத்ததும் வந்துவிட்டது. மேகசின் குழாய்க்குள் ஸ்ப்ரிங் அமுங்கியிருக்கும். பெரும்பாலானவற்றில் உள்ளே ஒரு தடுப்பு அதைப் பிடித்துவைத்திருக்கும், சிலவற்றில் தடுப்பு தளர்வாக இருக்கும். மூடியைத் திருகும்போதும் தடுப்பை எடுக்கும்போதும் முகத்தை விலக்கிவைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பது நல்லது.

ஸ்ப்ரிங்கின் உள்ளே ஒரு நீளமான பிளாஸ்டிக் குச்சி இருந்தது. நண்பர் அதைப் பொட்டலம் கட்டும்போது போட்ட தடுப்பு என்று நினைத்து வீசப் போனார். அது தோட்டா எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் அடைப்பு. புறா, வாத்து போன்ற வலசைப் பறவைகளைச் சுடும்போது துப்பாக்கியில் மொத்தமே 3 தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது என்பது 1935 முதல் அமெரிக்க மத்திய அரசின் விதி. துப்பாக்கியைப் பிரிக்காமல் எடுக்க முடியாதபடி ஒரே துண்டாக அந்த அடைப்பு இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. செப்டம்பரில் வேட்டை அதிகாரி வயலுக்கு வந்து சோதித்தால் அவர் முதலில் பார்ப்பவற்றில் அதுவும் ஒன்று. குச்சியைத் துடைத்துத் தனியாக வைத்தோம்.

அடுத்தது போல்ட். போல்ட்டும் விசைத் தொகுதியும் உட்காரும் உலோக உடல்தான் ரிசீவர். அதன் அடிப்பக்கத் திறப்பு வழியாக விரலை விட்டு, தோட்டாவைச் சேம்பர் உயரத்துக்குத் தூக்கும் கேரியரைத் தூக்கிக்கொண்டு, இடது சுவரோடு ஒட்டியிருக்கும் தோட்டாத் தடுப்புக் கொக்கியை அழுத்த வேண்டும். அழுத்திக்கொண்டே முன்கைப்பிடியை முன்னால் இழுத்தால், அதன் இரண்டு சட்டங்களும் போல்ட்டைச் சுமந்துகொண்டு வெளியே வரும். முதல் தடவை செய்பவர்கள் திணறும் இடம் இதுதான். பலத்தால் இழுத்து வேலையில்லை, கொக்கி முழுதாக அமுங்கினால் தானாக வழுக்கி வரும். போல்ட் சட்டங்களின் முனையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பாகம், தூக்கினால் கையோடு வந்துவிடும். அது கீழே விழாதபடி ரிசீவரின் வாய்க்கு அடியில் நண்பர் கையை ஏந்திக்கொண்டார்.

கடைசியாக விசைத் தொகுதி. இரண்டு பின்களையும் பித்தளைப் பஞ்ச்சால் மெதுவாகத் தட்டி வெளியே எடுத்தோம். இரும்புப் பஞ்ச் பயன்படுத்தினால் பின்னைச் சுற்றிப் பூச்சு பெயர்ந்து பளபளவென்று வட்டம் விழும். தொகுதியின் பின்பக்கத்தைத் தூக்கியதும் மொத்தமும் வந்தது. ரெமிங்டனில் தோட்டாத் தடுப்புக் கொக்கிகள் ரிசீவர் சுவரில் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். நகல்களில் சிலவற்றில் அவை தளர்ந்து கையில் விழலாம். விழுந்தால் எது இடது, எது வலது என்று அப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு மேல் பிரிக்கவில்லை. விசைத் தொகுதிக்குள் இருக்கும் சின்ன ஸ்ப்ரிங்குகளையும் கொக்கிகளையும் வீட்டில் கழற்றத் தேவையே இல்லை. எஜெக்டர் ரிசீவர் சுவரில் ரிவிட் அடித்தது, அதைத் தொடவே கூடாது. யூடியூபில் எல்லாவற்றையும் கடைசித் திருகு வரை பிரித்துப் பரப்பிக் காட்டுகிறார்கள். சுத்தம் செய்வதற்கும் சரிபார்ப்பதற்கும் அது வேண்டாம். ஒரே ஒரு விதிவிலக்கு போல்ட்டின் பின்பகுதியில் இருக்கும் பின். அதைத் தட்டினால், தோட்டாவின் பின்புறத்தில் அடித்துப் பற்றவைக்கும் ஊசியான ஃபயரிங் பின் வெளியே வரும். அதை மட்டும் எடுத்தோம், ஏன் என்று அடுத்து சொல்கிறேன்.

உள்ளே இருந்தது

தேன் நிறத்தில் கெட்டியான எண்ணெய், எங்கே பார்த்தாலும். தொழிற்சாலையிலிருந்து கப்பலிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் கிடக்கப்போகிற பொருள் துருப்பிடிக்கக் கூடாது என்பதற்காகப் பூசியது அது. துப்பாக்கி ஓட வேண்டும் என்பதற்காகப் பூசியதல்ல. புதிதாக வாங்குகிற பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். பெட்டியில் வரும்போதே எண்ணெய் போட்டுத்தானே வருகிறது, அப்புறம் எதற்குப் பிரிக்க வேண்டும் என்பதுதான் நண்பரின் கேள்வியும். அதனால்தான் துடைக்காமல் நேராக மைதானத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

அந்தக் காப்பு எண்ணெயோடு சில தோட்டாக்களின் கரியும் வேகாத மருந்துத் துணுக்குகளும் சேர்ந்து, சேம்பரின் முன்பகுதியில் பிசுபிசுப்பான கறுப்புப் படலமாக ஆகியிருந்தது. ஃபயரிங் பின் ஓடும் துளையிலும் அதே எண்ணெய். கோடையில் அது தொல்லை தராது. குளிர் காலையில் கெட்டியாகிப் பின்னின் வேகத்தைக் குறைத்து, தோட்டாவின் பின்புறத்தில் அடி லேசாக விழ வைக்கும். அதனால்தான் அதையும் கழற்றியது. விசைத் தொகுதிக்குள் கடைசல் வேலையில் தெறித்த பொடி இழைகள் இரண்டொன்று கிடந்தன. எண்ணெய் அவற்றைப் பிடித்து வைத்திருந்தது.

கரைப்பானாக ஹாப்பிஸ் நம்பர் 9 பயன்படுத்தினோம். 1903 முதல் விற்பனையில் இருக்கிற பழைய சரக்கு, வாசனையிலேயே பலருக்கு அடையாளம் தெரியும். குழலுக்கு வெண்கலத் தூரிகை, அது எப்போதும் சேம்பர் பக்கமிருந்து வாய்ப் பக்கம் போகட்டும். பின்னால் துணித் துண்டுகள், அவை அழுக்கில்லாமல் வெளியே வரும் வரை. பழகிய ஷாட்கன் குழலில் தோட்டாவுக்குள் குண்டுமணிகளைத் தாங்கும் பிளாஸ்டிக் கோப்பை உரசி விட்டுப்போன பிளாஸ்டிக் கோடுகள் இருக்கும், புதிய குழலில் அது இல்லை. போல்ட்டிலிருந்து மேலெழும் பூட்டுக்கட்டை குழலின் பின்நீட்சியில் உள்ள பள்ளத்தில் போய் உட்காரும். 870 அமைப்பில் வெடிப்பின் உதையைத் தாங்குவது அந்தப் பள்ளம்தான். அதன் மூலைகளில் அடைந்திருந்த எண்ணெயைப் பல் துலக்கும் தூரிகையால் எடுத்தோம்.

நண்பரிடம் கார் பிரேக் கிளீனர் ஒரு டப்பா தயாராக இருந்தது. வேகமாக வேலை முடியும் என்பது உண்மைதான். ஆனால் அது பிளாஸ்டிக்கைக் கெடுக்கக்கூடும். அதைவிட முக்கியம், மங்கலான பூச்சு உள்ள மலிவுத் துப்பாக்கிகளில் உலோகத்தின் நுண்துளைகளில் ஊறியிருக்கும் எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சி எடுத்துவிடும். டெக்சஸ் கோடையின் ஈரத்தில் அப்படி வறண்ட உலோகம் ஒரே இரவில் செம்பழுப்பாகப் பூக்கும். டப்பாவைக் கராஜுக்குத் திருப்பி அனுப்பினேன்.

சேம்பர்

அழுக்கெல்லாம் போன பிறகுதான் உலோகம் உண்மையைக் காட்டியது. குழலைத் தனியாக எடுத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக விட்டுப் பார்த்தோம். குழலின் உட்புறம் கண்ணாடி போல் இருந்தது. சேம்பரில் மட்டும், முக்கியமாகத் தோட்டாவின் உலோக அடி உட்காரும் முதல் அங்குலத்தில், வளையம் வளையமாகக் கடைசல் கோடுகள். ஓடுகளின் மேல் பார்த்த அதே கோடுகள். காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சேம்பரின் நீளவாட்டில் மெதுவாக இழுத்தோம். அந்த இடத்தில் பஞ்சு இழைகள் பிய்ந்து சுவரில் தொங்கின. நகத்துக்குத் தெரியாத பிசிறு பஞ்சில் சிக்கிக்கொள்ளும்.

லேத் பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. துளையை இறுதி அளவுக்குக் கொண்டுவருவது ரீமர். முனை மழுங்கிய ரீமரை மாற்றாமல் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினாலும், வெட்டு எண்ணெய் சரியாகப் போகாவிட்டாலும், கருவி அதிர்ந்து சுவரில் வரி விழும். விலை கூடிய துப்பாக்கியில் அதற்குப் பிறகு மெருகேற்றும் வேலை ஒன்று இருக்கும். விலையைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டுப்படுவது அந்த மாதிரி, வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத வேலைகள்தான். அளவில் பிழை இல்லை, தோட்டா சரியாக உட்காருகிறது, சோதனைச் சூட்டிலும் தேறியிருக்கும். ஆனால் சூடேறிய சேம்பரில் மெல்லிய இரும்புத் தகடு அந்த வரிகளுக்குள் விரிந்து பிடித்துக்கொள்கிறது. முதல் சில சூடுகள் நன்றாகப் போய், பிறகு இறுகத் தொடங்கியது இதனால்தான். சேம்பர் சூடாக ஆக, படலம் தடிக்கத் தடிக்க, பிடி கூடியது.

உத்தரவாதம் இருக்கிறது, நிறுவனத்துக்கே அனுப்பலாம். அதுதான் முறையான வழி, நண்பரிடம் முதலில் சொன்னதும் அதுதான். பருவம் நெருங்கிவிட்டதால் அவர் ஊரிலேயே உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் போக முடிவு செய்தார். மெக்கானிக் சேம்பரை அளவுக் கட்டையால் சோதித்து, அளவு சரிதான் என்று உறுதி செய்த பிறகே கை வைத்தார். வெண்கலத் தூரிகை மேல் நாலு சைபர் (0000, மிக நுண்ணிய) இரும்புக் கம்பளியைச் சுற்றி, எண்ணெய் நனைத்து, குறைந்த வேகத்தில் சுழற்றி, சேம்பரை மட்டும் மெருகேற்றினார். விளிம்பு உட்காரும் வெட்டையும், சேம்பர் குழலோடு சேரும் சரிவையும் தொடவில்லை. நோக்கம் உலோகத்தை எடுப்பதல்ல, வரிகளின் கூர் முனைகளை மட்டும் மழுக்குவது. வேலை முடிந்த பிறகும் டார்ச்சில் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. பஞ்சு மட்டும் சிக்கவில்லை. அதுவே போதும் என்றார், நானும் அதை ஏற்கிறேன். கோடே தெரியாத வரை தேய்த்துக்கொண்டே போனால் சேம்பர் பெரிதாகும், அதைத் திரும்பச் சிறிதாக்க முடியாது. உள்ளே குரோம் பூசிய சேம்பராக இருந்தால் இந்த வேலையே கூடாது, பூச்சுப் பெயர்ந்துவிடும்.

சேர்த்தது

எண்ணெய் எங்கே, எவ்வளவு என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சட்டங்கள் ரிசீவருக்குள் ஓடும் தடம், போல்ட்டின் அடிப்பகுதி, மேகசின் குழாயின் வெளிப்புறம் ஆகிய மூன்று இடங்களுக்கும் விரல் நுனியால் தடவுகிற அளவு. விசைத் தொகுதிக்கு ஓரிரு துளி. ஃபயரிங் பின் துளை ஏறக்குறைய உலர்ந்தே இருக்கட்டும். சேம்பரும் குழலின் உட்புறமும் சுடப்போகும்போது உலர்ந்திருக்க வேண்டும். ஓடு இறுகுகிறதே என்று சேம்பரில் எண்ணெய் விட்டுச் சுடச் சொல்லும் ஆலோசனை அங்கங்கே கிடைக்கிறது, அதைக் கேட்கவே கூடாது. ஓடு சுவரைப் பிடிக்காவிட்டால் வெடிப்பின் உதை முழுதும் போல்ட் மேல் போய் விழும். எண்ணெய் வெந்து மறுபடி பிசினாகவும் ஆகும்.

பூட்டும்போது போல்ட்டைச் சட்டங்களின் முனையில் சரியாக உட்காரவைத்து ரிசீவருக்குள் தள்ள வேண்டும். பாதி வழியில் நின்றுவிடும். அங்கே ஒரு பக்கத்துத் தோட்டாக் கொக்கியை உள்ளே அழுத்தினால் கொஞ்சம் நகரும், மறுபடி நிற்கும், அப்போது மறுபக்கத்துக் கொக்கியை அழுத்த வேண்டும். நிற்கிறதே என்று ஓங்கித் தட்டினால் கொக்கி வளையும், அப்புறம் இரண்டு தோட்டா ஒரே நேரத்தில் கேரியருக்கு வந்து அடைத்துக்கொள்ளும். விசைத் தொகுதி வெளியே இருக்கும்போது சுத்தியலை விசையால் விடுவிக்கக் கூடாது. அது அலுமினியச் சட்டத்தில் போய் அடிக்கும். பின்கள் இரண்டும் இரு பக்கமும் சமமாக உட்கார்ந்தனவா என்று விரலால் தடவிப் பார்த்தோம். அடைப்புக் குச்சியை ஸ்ப்ரிங்குக்குள் திரும்பப் போட்டு, குழலை மாட்டி, மேகசின் மூடியைக் கையால் இறுக்கினோம். இடுக்கி வேண்டாம்.

மருந்தில்லாத போலித் தோட்டாக்களைப் போட்டு இயக்கிப் பார்த்தோம். ஏறுகிறது, இறங்குகிறது, தெறிக்கிறது. பாதுகாப்புப் பொத்தான் போட்டிருக்கும்போது விசை அசையவில்லை.

சோதனை

உண்மையில் மைதானத்துக்கு இரண்டு கட்டமாகப் போயிருந்தோம், அதை இங்கே சேர்த்துச் சொல்கிறேன். மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பு, வெறுமனே சுத்தம் செய்த நிலையில், அதே மலிவுத் தோட்டாவைச் சுட்டுப் பார்த்தோம். நிலைமை நன்றாகவே தேறியிருந்தது. ஆனாலும் சேம்பர் சூடான பிறகு அங்கொன்று இங்கொன்றாக ஓடு பிடித்தது. அங்கேயே உண்மையான பித்தளை அடி உள்ள, காந்தம் ஒட்டாத தோட்டாவுக்கு மாறினோம். ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. மெருகேற்றிய பிறகு மறுபடியும் அதே மலிவுத் தோட்டாவையே கொண்டுபோனோம், வேறு எதையும் மாற்றவில்லை. சேம்பர் சூடேறிய பிறகும் ஓடுகள் தடையில்லாமல் தெறித்தன.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியதால்தான் காரணத்தைப் பிரித்துச் சொல்ல முடிகிறது. முதன்மைக் காரணம் சேம்பரின் வரிகள். இரும்பு அடி கொண்ட தோட்டா அதை வெளிக்காட்டியது. துடைக்காத காப்பு எண்ணெய் அதை மோசமாக்கியது. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டு, விலை உயர்ந்த தோட்டாவோடு மைதானத்துக்குப் போயிருந்தால் துப்பாக்கி அப்போதும் ஓடியிருக்கும். எது சரியாயிற்று என்று மட்டும் தெரிந்திருக்காது. மலிவுத் தோட்டா தீர்ந்து வேறு பெட்டி வாங்கும்போது மறுபடி பயம் வந்திருக்கும்.

புதுத் துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்வது, கடையிலேயே கேட்டுக் குழலைக் கழற்றச் சொல்லிச் சேம்பரை டார்ச்சில் பாருங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் மறுக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் சுடுவதற்கு முன்பே பிரித்துத் துடையுங்கள். அழுக்கை எடுப்பது அதில் பாதிதான். உங்கள் துப்பாக்கி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று நீங்கள் பார்க்கும் முதல் சந்தர்ப்பம் அது. வரி, பிசிறு, தளர்ந்த பின் எதுவானாலும் சுடுவதற்கு முன்பே தெரிந்தால் கடையோடு பேசுவதும் சுலபம்.

பருவம் தொடங்கிய பிறகு நண்பரின் துப்பாக்கியை இன்னொரு தடவை பிரித்துப் பார்த்தோம். சேம்பர் அப்படியே இருந்தது, ஓடுகளின் விளிம்பில் வளைவு இல்லை. மேகசின் மூடிக்கு அடியில், குழலின் வளையம் உட்காரும் இடத்தில் மட்டும் துரு லேசாகத் தொடங்கியிருந்தது. காலைப் பனியில் வயலில் நின்றுவிட்டு, வெளிப்புறத்தை மட்டும் துடைத்து வைத்ததால் வந்தது. எண்ணெய் தொட்ட இரும்புக் கம்பளியால் அதை எடுத்து, மெல்லிய கிரீஸ் பூசி மூடினோம். பம்ப் துப்பாக்கியில் அந்த மூடிக்கு அடியில் யாரும் பார்ப்பதில்லை. ஈரத்தில் எடுத்துப்போன ஒவ்வொரு முறையும் குழலைக் கழற்றி அந்த இடத்தைத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.